ஊர் முன்பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் எட்ட வேண்டுமென்றால்: பெற்றோர் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வருடத் தொடக்கக் கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரை முன்மொழிந்திருப்பார்கள், பக்கத்தில் இருந்தவர் வழிமொழிந்திருப்பார், நீங்கள் முன்பள்ளிப் பெற்றோர் குழுவின் செயலாளராகவோ பொருளாளராகவோ வீடு திரும்பியிருப்பீர்கள். கையில் ஒரு கூட்டறிக்கைக் கொப்பி, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு வங்கிப் புத்தகம். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊர் முன்பள்ளிகளோடு பழகியவள் என்ற முறையில் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அது முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான காலம் அதற்கு வெளியே நிற்கிறது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளிடம் கொடுத்தது. கிழக்கு மாகாணத்தில் அதற்கென்று பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இருக்கிறது. ஆனால் மேற்பார்வை வேறு, செலவு வேறு. கட்டடம் சுனாமிக்குப் பிறகோ யுத்தம் முடிந்த பிறகோ ஏதோ ஒரு நிறுவனம் கட்டித் தந்ததாக இருக்கும். அந்தக் கூரையின் கீழ் நடக்கும் மற்ற எல்லாமே, ஆசிரியையின் சம்பளம் உட்பட, பெரும்பாலான ஊர்களில் பெற்றோர் தரும் மாதக் காசில்தான் ஓடுகிறது. ஆகவே கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அங்கே வந்து உட்காருமா உட்காராதா என்பதைத் தீர்மானிப்பது கொழும்பில் இருக்கும் அரசாங்கமும் இல்லை, திருகோணமலையில் இருக்கும் மாகாண நிர்வாகமும் இல்லை. உங்கள் குழுதான்.

நான் வற்புறுத்தப்போவது ஒன்றே ஒன்று. கட்டணத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் ஆசிரியையின் வயிற்றில் அடித்துக் குறைக்கக் கூடாது. வீண் செலவை வெட்டியும், ஊரின் பொதுப் பணத்தைக் கேட்டு வாங்கியும் குறைக்க வேண்டும். கீழே வருபவை எல்லாம் அதற்கான வழிகள்.

முதல் படி: வராத பிள்ளையைத் தேடுங்கள்

வழக்கமாகப் புதிய குழு முதலில் கேட்டுக்கு வர்ணம் பூசும், அல்லது ஊஞ்சல் திருத்தும். அது பிறகு ஆகட்டும். முதல் மாதத்தில் செய்ய வேண்டியது, ஊரில் மூன்று வயது முடிந்த எந்தெந்தப் பிள்ளைகள் முன்பள்ளிக்கு வருவதில்லை என்று அறிவது. இடாப்பில் இருக்கும் பெயர்களைப் பார்த்து இது தெரியாது. இடாப்பில் இல்லாத பெயர்கள்தான் நமக்கு வேண்டும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்தவர் உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாம் மிட்வைஃப் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர். பிள்ளைகளின் நிறை, நோய் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். அது அவர் சொல்லக்கூடாத விடயம். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை எத்தனை பிள்ளைகள், எந்த ஒழுங்கைப் பக்கம் அதிகம் என்பதை மட்டும் கேளுங்கள். முன்பள்ளிக் குழு வீட்டுக்கு வரும் என்று கிளினிக்கில் தாய்மாருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும்படியும் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரம் இருக்கும், ஆனால் அண்மையில் வந்து குடியேறியவர்கள் அதில் விடுபட்டிருக்கலாம். மிச்சத்தை நடந்துதான் பிடிக்க வேண்டும்.

வீடுகளுக்கு இரண்டு பெண்களாகப் போங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் வயலுக்கோ கூலிக்கோ போனவர்கள் திரும்பியிருப்பார்கள். கையில் பைலும் படிவமும் கொண்டு போகாதீர்கள். கடன் கொடுத்த கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை பைலோடு படலையில் நிற்கும் வீடுகள் நம் மாவட்டங்களில் நிறைய. பைலைக் கண்டதும் அந்த முகங்கள் மாறிவிடும். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிள்ளையோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, "புள்ள ஏன் வரல்ல?" என்று கேளுங்கள்.

முதலில் வரும் பதிலைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அவன் அழுறான் மிஸ்", "காய்ச்சல் வந்து நிப்பாட்டினது", "அடுத்த வருசம் விடுவம் எண்டு" என்று தொடங்கும். கொஞ்ச நேரம் இருந்தால் மற்றது வரும். மூன்று மாதக் காசு கட்டவில்லை. ஆசிரியை எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் முகம் பார்க்க முடியவில்லை. சப்பாத்து கிழிந்துவிட்டது. கலைவிழா உடுப்புக்குக் கேட்ட காசு இல்லை, அதனால் கலைவிழாவுக்கு முதல் கிழமை நின்ற பிள்ளை பிறகு வரவே இல்லை. நிலுவைதான் பிள்ளையை நிறுத்தும் பெரிய காரணம் என்பது என் அனுபவம். கட்டணம் கூடுதலா குறைவா என்பதை விட, கட்டாமல் விட்ட காசு வீட்டுக்குள் உண்டாக்கும் வெட்கம் பெரியது. ஆகவே அதே இடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "பழைய காசு வேண்டாம் அக்கா, திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புங்க." இதைச் சொல்லும் அதிகாரத்தை வீடுகளுக்குப் புறப்படும் முன்பே குழுவில் தீர்மானமாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பேச வேண்டியவர் அம்மம்மா, முஸ்லிம் வீடுகளில் உம்மும்மா. பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் அவர்தான், வெயிலில் திரும்பி நடப்பதும் அவர்தான். அந்த வீட்டில் பிரச்சினை காசாக இருக்காது, அவரின் முழங்காலாக இருக்கும். அதே ஒழுங்கையிலிருந்து வரும் இன்னொரு தாய் இந்தப் பிள்ளையையும் கைபிடித்துக் கூட்டிவர ஒத்துக்கொண்டால் அங்கே விடயம் முடிந்தது.

இரண்டாவது படி: ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன செலவாகிறது?

"மற்ற முன்பள்ளியில் ஆயிரம், நாமும் ஆயிரம் வைப்போம்" என்றுதான் பெரும்பாலும் கட்டணம் முடிவாகிறது. இதில் இரண்டு தீங்கு. ஏழைக்கு ஆயிரம் கூடுதல், ஆசிரியைக்கு அது போதாது. ஒரு தாளை எடுத்து வருடக் கணக்கு போடுங்கள். ஒரு உதாரணம் தருகிறேன். தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

28 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபா குழு கொடுக்கிறது. சம்பளம் 12 மாதமும் கொடுக்க வேண்டும், டிசம்பரிலும் ஆசிரியை சாப்பிடத்தான் வேண்டும். ஆக 3,60,000. கரண்ட், தண்ணீர், தாள், பேஸ்டல், களிமண், சவர்க்காரம், சின்னத் திருத்த வேலை எல்லாம் சேர்த்து மாதம் 9,000, பதினொரு மாதத்துக்கு 99,000. மொத்தம் வருடத்துக்கு 4,59,000 ரூபா. இதை 28 பிள்ளைகளுக்கும் 11 மாதங்களுக்கும் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் ஏறக்குறைய 1,490 ரூபா வரும்.

இந்தத் தாளை முன்பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள், எல்லோரும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில். "காசெல்லாம் எங்கே போகுது" என்று படலைக்கு வெளியே நடக்கும் பேச்சு அன்றோடு பாதியாகக் குறையும். ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் அதன் கீழே எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேர் கையொப்பம் வேண்டும் என்று ஒழுங்கு செய்யுங்கள். ஒரு ரூபா வாங்கினாலும் பற்றுச்சீட்டு கொடுங்கள். பின்னால் கோயிலிடமும் பிரதேச சபையிடமும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் கை நீட்டும்போது இந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாவது படி: கட்டணத்தில் இல்லாத செலவுகளை வெட்டுங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம் முன்பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் செய்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.

ஒரு வருடத்தில் ஒரு பெற்றோரிடம் மாதக் காசுக்கு மேலே என்னென்ன கேட்கிறோம் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு சோடி யூனிபோம், விளையாட்டு விழாவுக்கு இல்ல நிறத்தில் ரீசேர்ட், சிறுவர் தினத்துக்குப் பரிசு, ஆசிரியர் தினத்துக்கு அன்பளிப்பு, வாணி விழாவுக்குப் பங்கு, சுற்றுலாவுக்கு பஸ் காசு, பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் கேக்கும் டொபியும், கலைவிழாவுக்கு வாடகை உடுப்பும் மேக்கப்பும், கடைசியில் விடுகை விழா. விடுகை விழாவுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும், மண்டபமும், ஒலிபெருக்கியும், சட்டம் போட்ட போட்டோவும். பல ஊர்களில் இவை எல்லாம் சேர்ந்து வருட மாதக் கட்டணத்தைத் தொட்டுவிடும், சில இடங்களில் தாண்டியும் போகும்.

வசதியுள்ள பெற்றோருக்கு இது சந்தோசமான செலவு. கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு அறிவித்தல் துண்டும் ஒரு கடன். பிள்ளை ஆடுகிறது, தாய் அடகுச் சீட்டோடு கீழே உட்கார்ந்து பார்க்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அங்கியால் என்ன கிடைத்தது? பிள்ளைக்கு வேண்டியது ஓட இடமும், கேட்கக் கதையும், கையில் பிசைய மண்ணும், கோபிக்காத ஒரு ஆளும்தான்.

எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. விழா இல்லாமல் ஊர் இல்லை. ஆனால் மூன்று விதிகளைக் குழுவில் தீர்மானமாக எடுங்கள். ஒன்று, வருடத்தில் எத்தனை விழா, அதற்கு மொத்தமாக எவ்வளவு என்பது ஜனவரியிலேயே சொல்லப்பட்டு வருடக் கணக்குக்குள் வர வேண்டும். இடையில் துண்டு அனுப்பிக் காசு கேட்பது இல்லை. இரண்டு, பிள்ளை மேடையில் போடும் உடுப்பு வீட்டில் இருக்கும் உடுப்பாகவோ முன்பள்ளி அலுமாரியில் இருக்கும் உடுப்பாகவோ இருக்க வேண்டும். கலைவிழா உடுப்பை ஒருமுறை தைத்து வைத்தால் ஐந்து வருடத்துக்குப் போதும். ஊரில் தையல் தெரிந்த தாய்மாருக்குக் குறைவில்லை. மூன்று, பிறந்தநாளுக்கு வீட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது. அந்த மாதத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பாட்டுப் பாடி, முன்பள்ளியிலேயே பாற்சோறு சமைத்துக் கொடுங்கள்.

எதிர்ப்பு வரும். "எங்கட பிள்ளைக்கு ஒரு போட்டோகூட இல்லையா" என்று கேட்பார்கள். போனில் எடுங்கள், எடுத்ததை எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். யூனிபோமைக் கைமாற்றும் ஒரு பெட்டியும் வையுங்கள். முதலாம் தரத்துக்குப் போகும் பிள்ளையின் உடுப்பு, சப்பாத்து, புத்தகப்பை எல்லாம் துவைத்து அதில் போடப்படட்டும். வசதியுள்ள இரண்டு வீட்டார் முதலில் அதிலிருந்து எடுத்தால், மற்றவர்கள் கூச்சமில்லாமல் எடுப்பார்கள். அந்த இரண்டு வீட்டாரை நீங்கள்தான் முன்கூட்டிப் பேசிப் பிடிக்க வேண்டும்.

நான்காவது படி: வீட்டுக்கு ஏற்ற கட்டணம், வருமானத்துக்கு ஏற்ற காலம்

மேலே பார்த்த உதாரணத்துக்கே வருவோம். 28 வீடுகளில் எட்டு வீடு மாதம் 300 ரூபா, பதினாலு வீடு 1,500 ரூபா, ஆறு வீடு 2,000 ரூபா என்று வைத்தால் மாதம் 35,400 சேரும், 11 மாதத்துக்கு 3,89,400. செலவு 4,59,000. துண்டு விழுவது வருடத்துக்கு 69,600 ரூபா. அதை எப்படி நிரப்புவது என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

யார் எந்தக் கட்டணம் என்று எப்படித் தீர்மானிப்பது? அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். 2023 இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது விடுபட்டு மேன்முறையீடு செய்தவர்கள் ஏராளம், உங்கள் ஊரிலும் இருப்பார்கள். பெற்றோரே தமக்கு எது இயலும் என்று சொல்லட்டும். ஆசிரியையும் குழுவில் இரண்டு பேரும் மட்டும் அதை அறிந்திருந்தால் போதும். ஒன்றிரண்டு பேர் குறைத்துச் சொல்லத்தான் செய்வார்கள். பரவாயில்லை. ஒரு வசதியான வீடு 500 ரூபா குறைத்துக் கட்டுவதால் வரும் நட்டத்தை விட, ஒரு ஏழைத் தாயிடம் அத்தாட்சி கேட்டு அவளை வாசலோடு திருப்பி அனுப்புவதால் வரும் நட்டம் பெரியது.

காசு கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளையின் கையில் நினைவூட்டல் துண்டு கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். நாலு வயதுப் பிள்ளைக்கும் அது என்ன துண்டு என்று தெரியும்.

அடுத்தது காலம். மாதம் முடிந்ததும் சம்பளம் வருவது உத்தியோகத்தர் வீட்டில் மட்டும்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம், வேளாண்மைக் காசு பெரும்போகம் வெட்டும் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோகம் வெட்டும் ஜூலை, ஆகஸ்ட்டிலும் வரும். அந்த வீடுகளிடம் வருடத்தில் இரண்டு தடவை வாங்குங்கள். இயன்றவர்கள் நெல்லாகத் தந்தால் அதையும் வாங்குங்கள், காலை உணவுக்கு ஆகும். கடற்கரை ஊர்களில், வாகரையிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வரை, மாரிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம் இறங்குவது குறைவு. அந்த வீடுகளுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கட்டணம் இல்லை என்று வைத்து, அதை மற்ற மாதங்களில் பிரித்துவிடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் கிழமைக்கு நூறு, நூற்றைம்பது என்று கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். பொருளாளருக்கு எழுத்து வேலை கூடும், உண்மைதான். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று கொப்பியைப் பிரித்து வைத்தால் சமாளிக்கலாம்.

ஐந்தாவது படி: விழுந்த துண்டை நிரப்புவது

69,600 ரூபா பெரிய தொகை போலத் தெரியும். மாதத்துக்கு 5,800. மட்டக்களப்புப் பக்கக் கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகள் எனப்படும் தாய்வழிக் குலங்களுக்கும் குழுக்களுக்கும் பிரிக்கப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் திருவிழாவின் பூவுக்கும் மின்விளக்குக்கும் வாணத்துக்கும் இதை விடக் கூடச் செலவழிக்கும் குடிகள் உண்டு. ஒவ்வொரு திருவிழாக்காரரிடமும் போய், உங்கள் நாளின் பேரில் முன்பள்ளிக்கு ஒரு மாதம் விழும் 5,800 ரூபாத் துண்டை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பேர் கிடைத்தால் போதும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் முதலில் பேசிவிட்டுப் போவது மரியாதை. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் பேசுங்கள். ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஸகாத், ஸதகாவிலிருந்து கொடுக்க முடியுமா என்று அவர்கள் ஆலோசித்துச் சொல்வார்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் முன்பள்ளி நிற்கும் காணியே அவர்களுடையது அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்துடையது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் உதவ வந்தால், விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் வாங்காதீர்கள். எட்டு வீட்டுக்குக் கட்டணம் குறைத்ததால் விழும் துண்டை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கணக்குத் தாளை அனுப்பிக் கேளுங்கள்.

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை எல்லாம் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை வருட இறுதியில்தான் தயாரிக்கின்றன. செப்டெம்பர், ஒக்டோபரிலேயே உங்கள் வட்டார உறுப்பினரிடம் கடிதத்தைக் கொடுத்தால் அதில் இடம் கிடைக்க வழியுண்டு. ஜனவரியில் போனால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள்.

ஆறாவது படி: ஒபிஸ்களுக்குப் போவது

முன்பள்ளி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, பதிவு இலக்கம் என்ன என்பதை முதலில் பாருங்கள். பதிவு இல்லாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது. வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவரைக் கேட்டால் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தின் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்வார். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவர் சிறுவர் செயலகத்தின் பக்கம். இருவரும் வேறு வேறு நிர்வாகம் என்பது புதியவர்களுக்குத் தெரியாமல், ஒரிடத்தில் கொடுத்த கடிதம் மற்ற இடத்துக்கும் போகும் என்று காத்திருப்பார்கள். போகாது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

காலை உணவு முக்கியமான விடயம். அரசாங்கம் தெரிவு செய்த முன்பள்ளிகளுக்குக் காலை உணவுக்குப் பணம் தருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கான தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாகக் கூட்ட முன்மொழிந்தார்கள். உங்கள் முன்பள்ளி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பிரதேச செயலாளருக்கு இப்படி எழுதலாம்:

"எமது கிராமத்தில் மூன்று முதல் ஐந்து வயது வரையான ... பிள்ளைகள் உள்ளனர். அவர்களில் ... பேர் எமது முன்பள்ளியில் பதிந்துள்ளனர். ... பேர் எந்த முன்பள்ளிக்கும் செல்வதில்லை. எமது பதிவு இலக்கம் ... . காலை உணவு நிகழ்ச்சித்திட்டத்தில் எமது முன்பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுமாறும், இயலாவிடின் அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

முதல் படியில் நடந்து சேர்த்த எண்ணிக்கை இங்கே வேலை செய்யும். புள்ளி போட்ட இடங்களில் எண் இல்லாமல் "எமது கிராமம் மிகவும் பின்தங்கியது" என்று மட்டும் எழுதினால், அதே வசனத்தோடு வந்த மற்றக் கடிதங்களோடு உங்களதும் சேர்ந்து கிடக்கும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தெந்த முன்பள்ளிகள் எந்த அடிப்படையில் தெரிவாகின என்று அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அம்பாறைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எழுதும்போதும் தமிழிலேயே எழுதுங்கள், அந்த உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு.

உணவுத் திட்டம் கிடைக்கும்வரை பொதுப் பானை வையுங்கள். பிள்ளைகள் தனித்தனி டப்பாவில் கொண்டுவரும்போது ஒன்றிடம் கடை பிஸ்கட், ஒன்றிடம் வெறும் பாண், ஒன்று டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்திருக்கும். நம் தாய்மார் முன்பு செய்த பிடியரிசியை மீண்டும் தொடங்கலாம்: வீட்டில் சோறு போடும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, கிழமைக்கு ஒருமுறை முன்பள்ளிக்கு. பயறு, கௌபி, இலைக்கஞ்சி, முருங்கையிலை போட்ட முட்டை என்று சமைத்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடும். சமைக்கும் தாய்க்குக் கட்டணத்தில் கழித்துவிடுங்கள், இலவச வேலை வாங்காதீர்கள்.

ஆசிரியையைப் பற்றி

முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அரசாங்கம் ஒரு மாதக் கொடுப்பனவு தருகிறது. மேலே சொன்ன அதே வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,000 ரூபாவால் கூட்ட முன்மொழிந்தார்கள். ஆயிரம் கூடியும் அது சம்பளம் என்று சொல்லத்தக்க தொகை இல்லை. உங்கள் ஊர் ஆசிரியை டிப்ளோமா முடித்தவராக இருப்பார், பதினைந்து இருபது வருடம் படிப்பித்திருப்பார், அவரிடம் படித்த பிள்ளை இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும். அவருக்குக் கடைச் சிப்பந்தியை விடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, "சேவை மனப்பான்மை" என்று மேடையில் பொன்னாடை போர்த்துவதை நாம் நிறுத்த வேண்டும். பொன்னாடைக் காசையும் சம்பளத்தில் சேருங்கள்.

கட்டணக் குறைப்பு என்று கூட்டத்தில் பேச்சு எடுத்தவுடன் யாராவது ஒருவர் "ஒரு ஆசிரியை போதுமே" என்பார். விடாதீர்கள். 28 பிள்ளையை ஒரு ஆள் பார்க்கும் இடத்தில் முதலில் கைவிடப்படுவது சத்தம் போடாத பிள்ளையும், பேச்சு தாமதமான பிள்ளையும், கை கால் இயலாத பிள்ளையும்தான். ஊரில் அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று வீட்டிலேயே இருந்தால் இரண்டாவது ஆசிரியை இருப்பது அதற்காகவும்தான் என்று சொல்லி அழைத்துவாருங்கள். முதல் மாதம் ஒரு மணித்தியாலம் மட்டும், தாயும் கூட இருக்கட்டும், பிறகு கூட்டிக்கொண்டு போகலாம்.

காலையில் வேலை, பதினொன்றரைக்கு வீடு

முன்பள்ளி பதினொன்று, பதினொன்றரைக்கு முடியும். ஆடைத் தொழிற்சாலை பஸ் தாயைப் பின்னேரம்தான் இறக்கிவிடும். வெட்டுக்கும் நாற்று நடுகைக்கும் போகிற தாய்க்கும் அப்படித்தான். இடைப்பட்ட நேரத்துக்கு ஆள் இல்லாததால் பிள்ளையை முன்பள்ளிக்கே அனுப்பாமல் ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். முழு நேரப் பகல் பராமரிப்பு நிலையம் நடத்துவது வேறு வேலை, அதற்குத் தனி இடமும் தனி ஆட்களும் வேண்டும், சின்னக் குழுவால் முதல் வருடத்தில் இயலாது. ஆனால் அறுவடைக் காலத்தில் மட்டும் இரண்டு மணி வரை நீட்டுவது இயலும். ஊரில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இரண்டு அம்மாமார், அளவான கொடுப்பனவு, பாய், மத்தியானச் சோறு. யார் பிள்ளையை ஒப்படைத்தார், யார் கூட்டிப்போனார் என்று ஒவ்வொரு நாளும் கையொப்பம் வாங்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று இதில் தளர்த்தக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிச் சந்தேகம் வந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

யானை இறங்கும் கிராமங்களில் தொடங்கும் நேரத்தை எட்டரையாகவோ ஒன்பதாகவோ மாற்றுங்கள். எட்டு மணிக்கு முன்பள்ளி என்றால் அந்தத் தாய் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே பற்றைக்கரைப் பாதையில் பிள்ளையோடு நடக்க வேண்டும்.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஜனவரியில் வருடக் கணக்குத் தாள், விழாத் தீர்மானம், நிலுவை தள்ளுபடித் தீர்மானம். பெப்ரவரி முடியுமுன் வீடு வீடாகப் போய்விட வேண்டும். மார்ச்சில் முதல் அறுவடைக் காசு, ஆகஸ்ட்டில் இரண்டாவது. கோயில் திருவிழாக்காரரிடம் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே பேசுங்கள். திருவிழா நெருங்கிய பிறகு யாருக்கும் காது இருக்காது. செப்டெம்பரில் உள்ளூராட்சிச் சபைக்குக் கடிதம். ஒக்டோபரில் மீண்டும் மிட்வைஃபிடம் போய், அடுத்த ஜனவரியில் மூன்று வயது நிறையும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். நவம்பரில் மழை பிடித்தால் படுவான்கரையில் பல பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே கணக்குப் பரிசோதனையையும் புதிய குழுவுக்கான பெயர்களையும் ஒக்டோபர் கடைசிக் கூட்டத்திலேயே முடித்து, கூட்டறிக்கைக் கொப்பியையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பொலித்தீனில் சுற்றி, மேட்டில் இருக்கும் ஒரு வீட்டில் வையுங்கள்.